கடைசி வண்டி

ஜூலை. விடிய இன்னும் ஒரு மணி நேரம்.
தொங்காட் மைதானத்துப் புல்லின் ஈரம்
ஷூவுக்குள் வந்துவிட்டது.
நாலு ஊக்கு, ஒரு காகிதம், எண் 1187.
மூன்றாவது ஊக்கு கட்டைவிரலைக் குத்தியது.
ஓடுவதற்கு முன்பே ஒரு சொட்டுக் கட்டணம்.

எங்கள் கிளப்பிலிருந்து ஆறு பேர்.
ஐந்து பேரை இனி நான் பார்ப்பது கூடாரத்தடியில்,
அவர்கள் இரண்டாம் தட்டில் கைவைத்திருக்கும்போது.

வழக்கமாய் நொம்வூலா இருப்பாள்,
விபத்துப் பிரிவு நர்ஸ்.
கடைசி இடத்தை ஒன்பது வருஷமாய்
நாங்கள் இருவரும் மாற்றி மாற்றி எடுக்கிறோம்,
சீட்டுப் பணம் மாதிரி.
இந்த வாரம் அவளுக்கு இரவுப் பணி.
முழுத் தொகையும் எனக்கே.

வேட்டு.
முன்வரிசைப் பையன்கள்
கடன்காரனைக் கண்டதுபோல் மறைந்தார்கள்.
நாங்கள் கோட்டைத் தொடவே ஒரு நிமிடம்.

இருபத்தொரு கிலோமீட்டரும் நூறு மீட்டரும்,
மூன்று மணி நேரம் கெடு.
அந்த நூறு மீட்டர் யாருடைய யோசனையோ,
அவரை ஒருநாள் சந்திக்க வேண்டும்.

நாலாவதில் கரும்பு தொடங்கியது.
முதுகில் வெளிச்சம் விழுந்தது.
கடைசி ஆளுக்குப் பின்னால் ஊர்ந்து வரும் வண்டி.
இங்கே அதற்குப் பக்கி என்று பேர்.
தமிழில் அது வசவு என்று
ஓட்டும் அனில் சீபர்சாத்திடம் நான் சொன்னதில்லை.
அவன் விளக்கில் என் நிழல் நீண்டு
எனக்கு முன்னால் ஓடியது.
அதுவும் என்னை முந்திவிட்டது.

பிறகு கடல் பக்கமிருந்து சூரியன்;
நிழல் கரும்புக்குள் சரிந்து விழுந்தது.

தண்ணீர்ப் பையின் மூலையைக் கடித்தேன்,
பாதி வாய்க்கு, பாதி மூக்குக்கு.
பள்ளிப் பிள்ளைகள் மேஜையை மடித்துக்கொண்டிருந்தார்கள்.
வோசா ஆன்ட்டி, வோசா, என்றான் ஒருவன்,
கோலா முடிந்துவிட்டது, ஆனால் வோசா.

திரும்பு முனைக்கு முன்னால்
எதிரே கணேஸ் படையாச்சி,
இரண்டு முழங்காலிலும் நீல டேப்.
பேசவில்லை. நெஞ்சைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனார்.
எனக்கா, தனக்கா, தெரியவில்லை.

பதினேழில், ஏற்றத்தின் உச்சியில்,
பின்னாலிருந்த உறுமல் நின்றது.
ரொம்ப நேரம் கேட்ட சத்தம் நின்றால்
காது பயப்படும். திரும்பினேன்.
அனில் சாவியைத் திருகிக்கொண்டிருந்தான்.
ஆடி அசைந்து வந்ததில் பேட்டரி செத்துப்போனது.
பின்பெட்டியில் போர்வைக்குள் மூன்று பேர்,
ஓட்டத்தைப் பாதியில் விட்டவர்கள்;
அதில் ஒருவருக்கு கால் தரையில் ஊன்றவில்லை.

ஆன்ட்டி, நீங்கள் போங்கள், என்றான்.
கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நேரம் இருந்தது,
கொஞ்சமாய், இடுக்கில் செருகிய காசு மாதிரி.

என்னைப் பிடிக்க வந்த வண்டியை
நான் பின்னாலிருந்து தள்ளினேன்.
போர்வைக்காரர் இருவர் இறங்கித் தோள் கொடுத்தார்கள்.
வழுக்கை டயர், சூடான தகரம்,
மில்லிலிருந்து பாகு வாடை.
இறக்கத்தில் அது இருமி, துள்ளி, உயிர் பிடித்தது.
நிறுத்தினால் மறுபடி செத்துவிடும் என்று
ஜன்னல் வழியே கத்திக்கொண்டே போனான் அனில்,
இருவரும் ஓடி ஏறிக்கொண்டார்கள்,
எனக்கு முன்னால் போனது
கடைசி வண்டி.

அதன் பின் நாலு கிலோமீட்டர்
என் பின்னால் யாருமே இல்லை.
ஒரு காவலர் கூம்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.
லாரிகள் திரும்பி வந்தன. சிவப்பு விளக்கில் நின்றேன்.

மூன்று மணி, நாலு நிமிடம்.
காற்று வளைவு மண்டியிட்டிருந்தது; குனிந்து நுழைந்தேன்.
பட்டியல்காரப் பெண் பேனாவை மூடியிருந்தாள்.
பக்கி அப்போதே வந்துவிட்டதே, என்றாள்.
நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள்?

பதில் நீளமானது. பசி.

நொம்வூலா செய்தி அனுப்பியிருந்தாள்,
பணி முடிந்து, காலணி கழற்றாமல்:
இன்றைக்குக் கடைசி யார்?
பிரியாணி விரலோடு தட்டினேன்:
வண்டிக்கும் எனக்கும் தகராறு. தீர்ப்பு வரவில்லை.

காகிதத்தைக் கழற்றும்போது மூன்று ஊக்குதான் இருந்தது.